தேரையிடம் கேட்ட கேள்வி

ஐந்தருவிக்குப் போகிற வழியில், நனைந்த பாறையின் அடியில் கொழுத்த தேரை ஒன்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. அதற்குச் சற்று முன்னால் என் அக்கா, கூட வந்தவர்களை முன்னே போகவிட்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நாள் தள்ளிப் போயிருக்குட்டி. யாருட்டயும் மூச்சு விட்டுராத" என்று சொல்லியிருந்தாள்.

சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை. பயம்தான் இருந்தது. வடகரையில் தென்னந்தோப்பும் வயலுமாக இருக்கிற வீட்டில் அவளைக் கட்டிக்கொடுத்து ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. இதற்கு முன்பும் இப்படி நாள் தள்ளி, அவள் வாய் திறந்து சொல்லி, அவள் மாமியார் தெருவெல்லாம் சொல்லி, பிறகு ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டில் அவளுக்கு இருந்த இடம் சுருங்கியது. இப்போது அந்த மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், தன் தம்பி மகளை அச்சன்புதூரிலிருந்து அத்தானுக்கு இரண்டாம் தாரமாகக் கொண்டுவரப் பேசி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் என்று முடித்துவிட்டாள். கரு உண்டென்றால் அந்தப் பேச்சு நிற்கும். உண்டென்று சொல்லி இல்லாமல் போனால், அக்கா பெட்டியோடு தென்காசிக்கு, எங்கள் வீட்டுக்கே, திரும்ப வேண்டியதுதான். டாக்டர் கைவைத்துச் சொல்ல இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆகும். ஆடி பாதி முடிந்திருந்தது.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்து முடித்துவிட்டு, மேலே படிக்க அப்பா விடுவாரா மாட்டாரா என்று தெரியாமல் வீட்டில் உழன்றுகொண்டிருந்தேன். கடைசி வருஷ வகுப்பில் ஆசிரியை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக் குறிப்பை வாசித்துக் காட்டியிருந்தார். கர்ப்பிணியின் சிறுநீரை ஆண் தேரையின் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றினால், சில மணி நேரத்தில் அது விந்தணுவை வெளியிடும். கர்ப்பம் இல்லையென்றால் வெளியிடாது. அதற்கு முன்பு எலிக்கும் முயலுக்கும் ஊசி போட்டு, வயிற்றை அறுத்துச் சினைப்பையைப் பார்த்துத்தான் சொன்னார்களாம். படித்த காலமெல்லாம் தவளையைக் கிழித்துப் பலகையில் அறைந்தே பழகியவள் நான். கிழிக்காமலே பதில் சொல்லும் பிராணி ஒன்று இருக்கிறது என்று கேட்டதும், அதுவும் நம் கிணற்றடியில் இருக்கிறது என்றதும், எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

கருவிக்கும் குறைவில்லை. அப்பாவின் சிநேகிதரான டாக்டர் ஒருவர் தென்காசியில் சொந்த ஆஸ்பத்திரி வைத்திருந்தார். மலேரியாக் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் வேலையைப் பொழுதுபோக்காக எனக்குக் கொடுத்திருந்தார்.

சாரல் குளியல் முடிந்து அக்கா வடகரைக்குத் திரும்பிய காலையில், நான் கேட்டிருந்தபடி சிறுநீரைக் கழுவிய எண்ணெய்க் குப்பி ஒன்றில் பிடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். முகத்தைப் பார்க்கவில்லை. நான் குப்பியோடும் ஒரு பானை தேரைகளோடும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"என்ன பிள்ள, ஸ்லைடு பாக்கச் சொன்னா மிருகக்காட்சி சாலைல்லா தொறந்திருக்க" என்றார் டாக்டர்.

"எல்லாம் ஆண் தேரை சார். முதுகைப் பிடிச்சா முனகும். பொட்டை சத்தமே போடாது."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். நாந்தான் முனகுதேன்" என்று சொல்லிவிட்டு, சிரிஞ்சைக் கொதிக்க வைக்கச் சொன்னார்.

சாரல் காலத்தில் ஒரு சிக்கல் உண்டு. தேரைகள் தாமாகவே இணை சேரும் காலம் அது. ஊசி போடாமலே சிலவற்றில் விந்தணு இருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் முதலில் சோதித்து, இருப்பதையெல்லாம் தோட்டத்தில் விட்டுவிட்டேன். மிஞ்சியவற்றில் சிலவற்றுக்கு அக்காவுடையதை ஊசியால் ஏற்றினேன். ஒன்றுக்கு என்னுடையது, ஒப்பிட. இன்னொன்றுக்கு, குளிர்காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்திருந்த நாலாம் மாசக்காரி ஒருத்தியுடையது. "எதுக்கு தாயி?" என்று கேட்டாள். "சோதிக்க" என்றேன். சிரித்துக்கொண்டே குப்பியை வாங்கிப் போனாள்.

மத்தியானத்துக்குப் பிறகு கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு தேரையின் கழிவுவாயிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். நாலாம் மாசக்காரியின் தேரையில் நூல்துணுக்குகள் போல நெளிந்து நெளிந்து ஓடின. வட்ட வெளிச்சம் முழுக்க உயிர். டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. என்னுடையதில் ஒன்றுமில்லை, இருக்கவும் கூடாது. அக்காவின் தேரைகளில் முதலாவதில் வெறும் நீர். இரண்டாவதிலும் வெறும் நீர். விளக்கைத் திருத்தி, லென்ஸைத் துடைத்து, இருட்டும்வரை பார்த்தேன். எங்கும் எதுவும் நெளியவில்லை.

சோதனை சரியாக வந்துவிட்டதே என்ற பெருமையும், வந்த பதிலும் ஒரே நேரத்தில் என்னுள் இருந்தன. பெருமை முதலில் செத்தது.

அக்காவிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும், அவள் வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்று மறுநாள் பஸ் ஏறினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முந்தின சாயங்காலமே அவளுக்குத் தீட்டு வந்துவிட்டது. பின்கட்டு அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். எதற்கு இந்த அழுகை என்று அத்தை போட்டு உலுக்க, நாள் தள்ளியதையும் குப்பியையும் தேரையையும் சொல்லிவிட்டாள்.

அத்தை தோப்பிலிருந்து வந்த காய்களைக் குவித்து எண்ணெய்க்குப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாட்டி. தேரைக்கு ஊசி போடுத டாக்டரம்மா வாரா, வழி விடுங்க" என்றாள் வேலைக்காரர்களிடம். பிறகு ஒரு காயைத் தூக்கி என் கையில் வைத்தாள். கனமே இல்லை. "ஓடு சரியா இருக்கு. உள்ள பருப்பு எங்க? தேரை மோந்துட்டு. இங்கன சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ என்னத்தப் படிச்ச?"

"தேரையால தென்னை மரம் ஏற முடியாது அத்தை. அது மரத்துல வார குறை."

"ஏறணுமா? நீதான் எங்க வீட்டுக் கருவ அது வாயில கொண்டுபோய் வச்சிருக்கியே. நின்ன கருட்டி. நல்லா நின்ன கரு. உறிஞ்சிட்டு."

நின்ன கருவா? கருவே இல்லை என்பதற்கு ஒரு பானை சாட்சி வைத்திருக்கிறேன். சொல்ல வாயெடுத்தேன். அத்தை பேச்சை நிறுத்தவில்லை. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரியிடம் திரும்பிச் சொன்னாள்: "எம் மருமவளச் சும்மா குத்தம் சொல்லிட்டோம் மைனி. தங்குத வயிறுதான். பாவி தங்கச்சிதான் கெடுத்தா. தம்பிட்டச் சொல்லி அனுப்பிட்டேன், தை வரைக்கும் போகட்டும்னு. தோஷம் கழிச்சுப் பாப்போம்."

வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது வருஷமாக மலடி என்று கூப்பிட்ட வாய் அது. என் தேரை ஒரே நாளில் அதை மாற்றிவிட்டது, தப்பான காரணத்துக்காக.

பின்கட்டு அறை வாசலில் தள்ளி நின்று, "அக்கா, தேரை என்ன சொல்லிச்சின்னா..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு வேண்டாம்."

"உண்மைய நீயாவது..."

"அத்தை சொல்லுததே உண்மையா இருந்துட்டுப் போகட்டும். நீ கொஞ்ச நாளைக்கு இங்கன வராத." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கொஞ்சம் கழித்து, "சாப்டுட்டுப் போ" என்றாள். சாப்பிடவில்லை.

செய்தி பஸ்ஸைவிட வேகமாகத் தென்காசிக்கு வந்தது. நாலாம் மாசக்காரியின் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். டாக்டர், "நீ செஞ்சது சரிதான். ஆனா எனக்கு வாசல்ல ஆள் வரணும்லா" என்று மெல்ல அனுப்பி வைத்தார். கடைத்தெருவில் எனக்குத் தேரைக்காரி என்று பெயர். அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் வரவில்லை, வயிறு நன்றாக வளர்கிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை யாரும் தெருவில் நின்று சொல்லவில்லை.

எனக்கு ஆறாதது அதுவல்ல. இந்த ஒன்பது வருஷத்தில் அக்கா குடிக்காத கஷாயம் இல்லை. சுற்றாத அரசமரம் இல்லை. மருத்துவச்சியும் டாக்டரும் அவளைச் சோதித்தார்கள். கடைசியில் கிணற்றடித் தேரைகளைக்கூடப் பிடித்துச் சோதித்தாயிற்று. ஆண் பிராணி எதையும் முதுகைப் பிடித்து ஒரு சொட்டு எடுத்துவிடலாம், அத்தான் ஒருவரைத் தவிர. அவருடைய ஒரு சொட்டை யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதுகூட இல்லை. குறை ஆணிடமும் இருக்கலாம் என்று டாக்டரின் புத்தகமே சொல்கிறது. அதைப் பார்க்கத் தேரை தேவையில்லை, ஊசி தேவையில்லை. அதே லென்ஸ் போதும்.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். "அவன்ட்ட நான் எப்படிம்மா கேக்க? வெட்டிப்போடுவான்" என்றார். அப்படியானால் நானே கேட்கிறேன் என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு மட்டும் மைக்ராஸ்கோப்பைத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

தைக்குள் முடித்தாக வேண்டும். தை பிறந்தால் அச்சன்புதூர்ப் பேச்சு மறுபடி எழும், அப்போது தேரையின் மேல் பழிபோட முடியாது. வடகரையிலிருந்து சொட்டைக் கொண்டுவருவது நடக்காது. சூடு ஆறாமல் லென்ஸுக்கடியில் வர வேண்டும், பஸ் பயணத்தில் எல்லாம் செத்துவிடும். ஆனால் தீபாவளிக்கு அத்தான் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வருவார். மாடி அறை காலியாக இருக்கும். குப்பியைக் கொதிநீரில் கழுவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பலகாரம் வைக்கும்போது கேட்பதா, அதற்கு முன்பே கேட்பதா என்பதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.