தைலப் பேனரில் உங்கள் அம்மா

பிள்ளைகளா, போன நடவு சமயத்தில் உங்கள் அம்மா வில்லியனூர் பஸ்ஸில் ஏறவே மாட்டேன் என்றாளே, ஏன் என்று கேட்டீர்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். எட்டாவது வரை படித்தவன் நான். எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும்.

பாகூர் நூலகத்தில் ஒருநாள் கூட்டம் போட்டார்கள். நம் ஊர்ப் படங்களை இணையத்தில் ஏற்றினால் பள்ளிப் பிள்ளைகள் பாடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றார் அங்கே பேசியவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்று நட்டுக்கொண்டிருந்த உங்கள் அம்மா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தபோது எடுத்த படத்தை அன்றே ஏற்றினேன். 'யாரும் எடுக்கலாம், மாற்றலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். எடுத்தவர் பெயரைப் போட வேண்டும்' என்று எழுதி, சம்மதமா என்று அந்த இணையதளம் கேட்டது. படித்துவிட்டுத்தான் டிக் போட்டேன். என் கண்ணில் தெரிந்தது பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான். அம்மாவைக் கேட்கத் தோன்றவே இல்லை.

சில மாதம் கழித்து, அம்மாவும் அவளோடு நடவுக்குப் போகிற பெண்களும் நானும் வில்லியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். எதிரே ஒரு கடை வாசலில் ஆள் உயரத் தைலப் பேனர். 'இடுப்பு வலியால் முடங்கிவிட்டீர்களா?' அதற்குக் கீழே உங்கள் அம்மா. வயல் இல்லை, நாற்று இல்லை. கண்ணுக்கு அடியில் கருப்புப் பள்ளம், இடுப்பில் சிவப்பு வட்டம். நான் ஏற்றிய அதே படம்தான்.

"இன்னாக்கா, எங்களுக்கு வலிச்சா பொறுத்துக்கன்னுவ. நீ மட்டும் தைலக்காரன்கிட்ட போயிட்டியா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. நடவுக்கு ஆள் வேண்டும் என்றால் சுற்று வட்டாரத்தில் அவளைத்தானே முதலில் கூப்பிடுவார்கள்? அந்த வாரமே ஒரு நிலக்காரர் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். "உனுக்குதான் முடியலியாமே" என்றாராம். அதற்குப் பிறகுதான் வில்லியனூர் பஸ்ஸில் ஏறவே மாட்டேன் என்றாள்.

நான் அந்தக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்காரர் தைலக் கம்பெனிக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"உங்க பேரு இன்னா சார்?"

சொன்னேன்.

"பேனருக்குக் கீழ, வலது ஓரத்துல பாருங்க."

குனிந்து பார்த்தேன். எறும்பு அளவு எழுத்தில் 'படம்' என்று போட்டு என் பெயர்.

"பேரு போடணும்னு சொல்லியிருந்தீங்க. போட்டுட்டோம் சார்."

அழித்துவிடுகிறேன் என்றேன். "அழிங்க சார். ஆனா அதுக்கு முன்னாடி எடுத்தவங்களுக்கு நீங்க குடுத்த அனுமதி போகாது. அதுவும் அதுலயே எழுதியிருக்கு" என்றான் கம்பெனிக்காரன்.

நேராக நூலகத்துக்குப் போனேன். அன்று பேசியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "படம் எடுத்த உரிமைதான்பா உன்னுது. அதுல இருக்கறவங்க சம்மதம் வேற. நீயும் கேக்கல, கம்பெனிக்காரனும் கேக்கல" என்றார். அவரே எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பிறகுதான் வில்லியனூர் பேனர் இறங்கியது. திருக்கனூரில் ஒன்று இன்னும் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயர் இருந்ததைக் கேட்டதும்தான் அவளுக்கு முகம் மாறியது.

"அப்போ நீதான் என்ன ஊருக்குக் குடுத்தியா? போடணும்னா உன் மூஞ்சியப் போட வேண்டியதுதான?"

மறுநாள் சேறு ஓட்டி முடித்து, டில்லரை நிறுத்தினேன். வயலில் வேறு யாரும் இல்லை. இணையத்தில் இருந்த அம்மா படத்தை அழித்தேன். போனை வரப்பில் ஒரு கல்லில் சாய்த்து வைத்து, சேற்றில் இறங்கி, அவளைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்றேன். படத்தில் ஒரு கண் மூடியிருந்தது. பரவாயில்லை என்று அதையே ஏற்றினேன். 'வியாபாரத்துக்கும்' என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு டிக் போட்டேன்.