படகுக்குப் போட்ட எர்த்

என் அக்காவை நான் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டேன். அதுவும், பழுது பார்த்துத் தருகிறேன் என்று பெருமையாகக் கிளம்பிப் போய்.

எம்.புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எலக்ட்ரீசியனாக இருக்கிறேன். பதினெட்டு வருஷ சர்வீஸ். என் வயரிங்கில் ஒரு பொறி பறந்ததில்லை என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொள்வேன். அப்படி ஒரு மிதப்பு.

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருந்த நாட்கள் அவை. மழை நன்றாகப் பெய்து வெம்பக்கோட்டைப் பக்கம் கண்மாய்கள் நிறைந்திருந்தன. அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், அதில் ஒன்றை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தீவனம் வீசுவதற்கு ஒரு பழைய பைபர் படகு. அதன் பின்னால் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார், சுற்றிலும் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. பேட்டரியைத் தினமும் கரைக்குச் சுமந்து முதுகு ஒடிந்துபோய், சார்ஜரைப் படகிலேயே பொருத்திவிட்டு, கரையிலிருக்கும் மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்திருந்தார். அக்கா எங்கள் கம்பெனியில்தான் வெடிக்கு மருந்து அடைக்கிறாள். லீவு விட்டால் அவளும் மச்சானோடு கண்மாயில்தான் கிடப்பாள்.

"மாப்ளே, படகுக் கம்பியத் தொட்டா சுர்ருங்குது. ஒரு எட்டு வந்து பாரு" என்று மச்சான் போனில் கூப்பிட்டார். டெஸ்டர், கொறடு எல்லாம் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை முறுக்கோடு போய் இறங்கினேன்.

கரையில் கட்டியிருந்த படகின் கம்பியில் டெஸ்டரை வைத்தேன். உள்ளே சிவப்பாக மினுக்கியது. பேட்டரி வெறும் பன்னிரண்டு வோல்ட்டு, அது ஆளை அடிக்காது. அப்படியானால் சார்ஜருக்கு வரும் ஈபி கரண்டுதான் கசிய வேண்டும். மோட்டார் ரூமில் நின்ற அக்காவிடம் சுவிட்சை அமர்த்தச் சொன்னேன்.

"அமத்திட்டேன்லே!"

மறுபடி டெஸ்டரை வைத்தேன். அப்போதும் மினுக்கியது. சுவிட்சை அமர்த்திய பிறகும் கரண்டு இருக்கிறதென்றால் அது ஈபி கரண்டே இல்லை. விசாரணை அத்தோடு முடிந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பயம் உண்டு. பாலியஸ்டர் துணி, பிளாஸ்டிக் வாளி, ரப்பர் செருப்பு எல்லாம் உரசினால் தானாகக் கரண்டு சேரும். ஸ்டாடிக் என்போம். அது ஒரு பொறியாகப் பாய்ந்தால் போதும், மருந்து பற்றிக்கொள்ளும். அதனால் எதைக் கண்டாலும் எர்த் கொடுத்து அந்தக் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுவோம். பைபர் படகு, நாளெல்லாம் காற்று, தண்ணீரின் உரசல். ஸ்டாடிக்கேதான் என்று அடித்துச் சொன்னேன். தூத்துக்குடியில் படகுக்கு வயரிங் பார்க்கிறவன் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பான். ஈரத்தில் ஸ்டாடிக் நிற்காது என்று எனக்கே தெரியும். தெரிந்த அந்த மூளை அன்றைக்கு லீவு போட்டிருந்தது.

போதாக்குறைக்கு, மச்சான் இழுத்திருந்தது எர்த் கம்பி இல்லாத இரட்டை வயர். அதைப் பார்த்ததும், குறை இங்கேதான் என்று எனக்கு ஒரே குஷி. கையகலச் செம்புத் தகடு ஒன்றை வயரில் முறுக்கி, படகுக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, தகட்டைத் தண்ணீருக்குள் போட்டேன். அக்கா கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். சுர் என்பது சுத்தமாகப் போயிருந்தது.

"என் தம்பின்னா சும்மாவா!" என்றாள். மத்தியானம் கெண்டைக் குழம்பு. எர்த்தின் மகிமையைப் பற்றி மச்சானுக்கு அரைமணி நேரம் கிளாஸ் எடுத்தேன்.

அன்று ராத்திரி நல்ல மழை. காலையில் இன்னும் கொஞ்சம் புகழ் கேட்கலாமென்று மறுபடி போனேன். பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மச்சான் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். அவருடைய நாய் எதையோ கண்டு தண்ணீரில் குதித்து, கொஞ்சம் தள்ளி மிதந்த படகைப் பார்த்து நீந்தியது. பாதி வழியில் வீல் என்று ஒரு சத்தம் போட்டது. அப்புறம் கால் அசையவில்லை.

மச்சான் பக்கத்தில் நின்ற அக்கா, நாயைத் தூக்கிவரச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீருக்குப் போனவள் அப்படியே நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏலே, காலு..." என்றாள். அவ்வளவுதான். மடிந்து உள்ளே போனாள்.

மச்சான் வலையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். அவர் பனியனைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன். "எறங்காதீக மச்சான்! தண்ணியில கரண்டு!" என்று கத்திக்கொண்டே மோட்டார் ரூமுக்கு ஓடினேன். சுவிட்சை அமர்த்தித் திரும்பிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே அக்காவின் கை மட்டும் தெரிந்தது. அது இன்னும் வெட்டிவெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

சுவிட்ச் அமர்ந்திருக்கிறது. அக்கா துடிக்கிறாள். அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிளக்கை வயரோடு பிய்த்து எறிந்தேன். அக்காவின் கை தொய்ந்து தண்ணீரில் விழுந்தது.

நானும் மச்சானுமாகத் தூக்கி வந்து கரையில் போட்டோம். மூச்சு இல்லை. கம்பெனியில் வருஷாவருஷம் சொல்லிக்கொடுத்தபடி நெஞ்சை அமுக்கினேன். அழுதுகொண்டே அமுக்கினேன். எத்தனை தடவை என்று தெரியாது. தண்ணீரைக் கக்கிக்கொண்டு இருமினாள். நாய் செத்துப்போயிருந்தது.

விஷயம் இதுதான். அந்த ரூமில் சுவிட்சை மாற்றிப் போட்டிருந்தார்கள். கரண்டு வரும் கம்பியை வெட்டாமல் திரும்பிப் போகும் கம்பியை வெட்டுகிற சுவிட்ச். அமர்த்தினால் சார்ஜர் நிற்கும், ஆனால் கரண்டு அதற்குள் வந்து காத்துக்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கசிவு சார்ஜரில். நான் அதை விட்டுவிட்டு, தும்பை விட்டு வாலைப் பிடித்தேன். படகுக் கம்பியில் கிடந்த கரண்டைத் தகடு வழியாகக் கண்மாய்க்குள் இறக்கிவிட்டேன். ராத்திரி மழையில் சார்ஜர் நனைந்ததும் கசிவு பெருகிவிட்டது. வலியை மட்டும் அமர்த்திவிட்டு நோயைப் பரப்பியிருக்கிறேன், மடையன்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். வந்து பார்க்கிறவர்களிடமெல்லாம், "எந் தம்பி ஓடிப்போயிப் புடுங்குனதாலதான் உசுரோட இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை என்னால் தாங்க முடியவில்லை. வந்தவர்கள் போனதும் அவளிடம் சொன்னேன்.

"அக்கா, அந்தத் தகட்டப் போட்டதே நாந்தான? கரண்டத் தண்ணிக்குள்ள எறக்கிவிட்டது நாந்தான்க்கா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு.

"கழட்டிப் பாக்காமலேயா சரியாப் போச்சுன்னே?"

"ஆமாக்கா."

"அப்ப நான் வேல பாக்குற ரூமு வாசல்ல ஒரு தகடு இருக்கே, அது?"

மருந்து ரூமுக்குள் கால் வைக்கும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்த ஸ்டாடிக் அது வழியாக மண்ணுக்குப் போய்விடும் என்பது கணக்கு. எல்லா ரூம் தகடுகளும் நான் சர்வீஸுக்கு வரும் முன்பே பதித்தவை. சீசனுக்கு முன்னால் தேய்த்துப் பளபளப்பாக்குவேன், வெளியே தெரியும் வயரை இழுத்துப் பார்ப்பேன், சரி என்று டிக் போடுவேன்.

"அந்த வயரு எங்கன போவுதுன்னு தோண்டிப் பாத்திருக்கியாலே?" என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தோண்டியதில்லை.

அன்று சாயங்காலமே வாட்ச்மேனிடம் சொல்லிக் கேட்டைத் திறக்க வைத்தேன். நேராக அவள் ரூமுக்குப் போனேன். தகடு நான் தேய்த்த பளபளப்போடு இருந்தது. வயர் சுவரை ஒட்டி இறங்கி மண்ணுக்குள் போயிருந்தது. கடப்பாரையால் நெகிழ்த்தி, கையால் மண்ணை அள்ளினேன். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை. வயர் அங்கே பச்சைக் களிம்பு பிடித்து இற்று முடிந்திருந்தது. அதற்குக் கீழே எர்த்துக்கென்று புதைத்திருக்க வேண்டிய கம்பி இல்லை, குழாய் இல்லை, வெறும் கரிசல் மண். அக்கா பதினோரு வருஷமாக அந்தத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போகிறாள்.