வெயிலில் கறுத்த கண்ணாடி

மச்சானின் மூக்குக்கண்ணாடி இப்போது என் மேசையின் இழுப்பு லாச்சியில் கிடக்கிறது. என் மூத்த சகோதரி ராத்தாவின் புருஷன் அவர். எண்பதுகளில் சவூதியிலிருந்து திரும்பும்போது வாங்கி வந்தது. வெயிலில் கறுக்கும், நிழலுக்கு வந்தால் மெல்ல மெல்ல வெளுக்கும். எங்கள் ஊர் மருதமுனையில் அப்படியொன்றை நாங்கள் கண்டதில்லை. "வெளியால ஒரு மூஞ்சி, வீட்டுக்க ஒரு மூஞ்சி. ஆளைப் போலதான் கண்ணாடியும்" என்று ராத்தா நையாண்டி பண்ணுவா.

அவர் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, உச்சி வெயிலில், விற்கக் கொண்டுபோகும் கைலிச் சாறன் கட்டுகளோடு இருவரும் கல்முனைக்கு நடந்துகொண்டிருந்தோம். ஆமிக்காரரின் சென்றிச் சாவடியைக் கடக்கும்போது தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்ற வேண்டும் என்பது அப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மச்சானுக்கும் சொல்லியிருந்தேன். ஆனால் போட்டிருக்கிறவருக்குத் தன் கண்ணாடி கறுத்தது தெரியாதே. கழற்றாமலே போனார். சிப்பாய் பிடரியில் பிடித்துத் தகரக் கொட்டிலுக்குள் தள்ளினான். அம்பாறையில் சாறன் விற்றுப் பழகிய சிங்களத்தோடு நானும் பின்னால் ஓடினேன்.

அதிகாரி வருவதற்குள் கண்ணாடி வெளுத்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியை எங்கே ஒளித்தாய், அதோடு வேறென்ன ஒளித்தாய் என்று கேட்டான். கட்டுகளை அவிழ்த்துக் கொட்டினார்கள். இதுதான் அது என்று நான் சொன்னதும் என்னையும் முழங்காலில் நிறுத்தினார்கள். என் சிங்களத்தில் சாறனின் நீள அகலம் இருந்தது, நிறம் மாறும் கண்ணாடிக்குச் சொல் இல்லை. பின்பக்கம் ஒரு ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. அதில் ஏற்றிய யாரும் திரும்பி வந்ததை நான் அறியேன். என் சாறன் நனைந்துவிட்டது.

மச்சான் மெதுவாகச் சொன்னார்: "நூலுக்குச் செய்யிற மாதிரிச் செய்யச் சொல்லு மச்சான். பாதிய மூடி வெயில்ல போடட்டும்."

சவூதிக்குப் போகுமுன் அவர் நெசவாளி. சாயம் நிற்குமா என்று பார்க்க, நூலின் பாதியைப் பலகையால் மூடி வெயிலில் கிடத்துவார். நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அதிகாரி கண்ணாடியை மண்மூட்டையின் மேல் வைத்து, ஒரு பக்கத்தை மச்சானின் அடையாள அட்டையால் மூடினான். அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்தது. மச்சானின் உதடுகள் யாஸீன் ஓதின. எனக்கு ஓதவும் வரவில்லை. மேகம் விலகியபின் அதிகாரி அட்டையை எடுத்தான். ஒரு கண் கறுப்பு, ஒரு கண் வெள்ளை. நிழலுக்குள் கொண்டுவந்து, கறுப்பும் வெளுக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, போ என்றான்.

அதற்குப் பின் மச்சான் மௌத்தாகிக் கண்மூடும்வரை அதைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டவில்லை. வெளியே கண்ணைச் சுருக்கிக்கொண்டே நடந்தார்.

சில பகல்களில் அதை லாச்சியிலிருந்து எடுத்து யன்னலில் வைக்கிறேன். இன்னும் கறுக்கிறது. வெளுக்கத்தான் நெடுநேரம் எடுக்கிறது. அந்தச் சென்றி இருந்த இடத்தில் இப்போது இளநீர் விற்கிறார்கள். ஆனாலும் அது முழுவதும் வெளுக்கும்வரை கையில் பிடித்தபடி நிற்கிறேன். யாராவது கூப்பிட்டால்கூட அசைய முடிவதில்லை.