எழுதிக்கொடுக்க முடியாத படிப்பு

ஜென்சிக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்துப் பிரயோசனம் இல்லை என்பதை அவளுடைய தாய் மாக்கிரட் வெகு காலத்துக்கு முன்னரே கண்டுபிடித்துவிட்டார். குடிபெயர்ந்து வந்த ஊரில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் முட்டைப் பொரியலை நடுவில் வைத்த பாண் துண்டுகள் கொண்டுபோவாள். பின்னேரம் பசியில் முகம் வாடி வந்து நிற்பாள். கேட்டால், பக்கத்தில் இருந்த பிள்ளை ஒன்றும் கொண்டுவரவில்லை என்பாள். சரியென்று மறுநாள் இரண்டு பேருக்குக் கட்டிக்கொடுத்தால், இரண்டையும் கொடுத்துவிட்டு வருவாள்.

"உனக்கு வயிறு எண்டு ஒண்டு இல்லையோடி?" என்று மாக்கிரட் கத்துவார். பிள்ளை சிரிக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகளைத் திருத்தப் போகிறவர்களுக்கு வாய் நோகுமே தவிர வேறொன்றும் நடக்காது.

பத்தொன்பது வயதில் அவள் கல்லூரியில் மிருக வைத்திய உதவியாளர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் டவுன்டவுன் உணவகம் ஒன்றில் சமையல் வேலை செய்த தகப்பன் யோசெப் நெஞ்சு வலி வந்து திடீரென்று போய்விட்டார். தம்பி டனிஸ்ரன் பத்து வயதைக் கடந்திருந்தான். கடைக்குட்டி நிரஞ்சனி அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். மாக்கிரட் ஓபிஸ்களில் துப்புரவு வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் பார்க்க முடியுமா என்று யோசித்து முடிப்பதற்குள் ஜென்சி வந்து சொன்னாள்: "அம்மா, நான் ஆமியில சேந்திட்டன். பயிற்சி தொடங்கின நாளிலயிருந்தே சம்பளம் தருவினம்."

சண்டைக் காலத்து மன்னாரில், இராணுவத்தைக் குறித்த அந்தச் சொல் காதில் விழுந்தாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனுசி மாக்கிரட். நாடு வேறு, ஆமி வேறு என்று மகள் எவ்வளவோ விளக்கினாள். விளக்கம் மூளைக்குப் போனது, வயிற்றுக்குப் போகவில்லை. மாதா கோவிலில் யாரும் கேட்டால், "மூத்தவள் கவுண்மேந்தில வேலை" என்று சொல்லிக்கொண்டார். பொய் இல்லைதானே.

பதினாலு வருடம் ஜென்சி குளிரில் இரும்பு கையில் ஒட்டும் முகாம்களில் லொறி திருத்தினாள். சம்பளம் வீட்டுக்கு வந்தது. டனிஸ்ரன் எஞ்சினியராகி ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் வீடு வாங்கினான். நிரஞ்சனிக்கு நீச்சல், பியானோ எல்லாம் கிடைத்தன. கடைசியில் ஜென்சி ஆமியை விட்டு விலகி, தாயின் மூன்றாம் மாடி வீட்டுக்கே திரும்பி வந்து, லொங்குய்யில் ஒரு பஸ் கராஜில் வேலை எடுத்தாள். அவள் வாங்கிய நல்ல குளிர் சப்பாத்தைக்கூடத் தங்கச்சிதான் போட்டுக்கொண்டு திரிந்தாள். அதில் ஜென்சிக்கு மனத்தாங்கல் இருந்ததென்று நினைக்கவேண்டாம். சந்தோசம்தான்.

இவ்வளவு காலம் சேவை செய்தவர்கள் விலகிய பிறகு அரசாங்கச் செலவில் படிக்கலாம் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் அதை மறந்தே போனாள். நினைவுபடுத்தியவர் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த தூரத்து உறவான குணேஸ்வரி மாமி. அவருடைய மருமகன் அங்கே அமெரிக்க ஆமியில் இருக்கிறவர். தன்னுடைய படிப்புச் சலுகையை மகளின் பேருக்கு மாற்றிவிட்டாராம்.

மாக்கிரட் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளையின் பேரில் எழுதுவதென்றால் எங்கள் சனத்துக்கு அது என்னவென்று தெரியும். காணி எழுதலாம், வீடு எழுதலாம், படிப்பை ஏன் எழுத முடியாது? நிரஞ்சனிக்கு அந்த நேரம் லண்டனில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்திருந்தது. போவதற்குத்தான் காசு வழி இல்லை.

ஈஸ்டர் சாப்பாட்டுக்கு எல்லோரும் டனிஸ்ரன் வீட்டில் கூடியிருந்தபோது, சலுகையைப் பற்றி எங்கேயும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஜென்சி அறிவித்தாள்: "என்ர ஆமிப் படிப்பைத் தங்கச்சிக்கு எழுதிக்குடுக்கப் போறன்."

நிரஞ்சனி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். "உண்மையாவோ அக்கா?"

"ஓம். நீ லண்டனுக்கு உடுப்பை அடுக்கு."

அடுத்த கிழமை லீவு நாளில் ஜென்சி குசினியில் இருந்து படிப்புச் சலுகை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுபக்கம் பேசிய பெண் பொறுமையான பிரெஞ்சில் விளக்கினாள். அது அமெரிக்கச் சட்டம், மதாம். இங்கே சேவை செய்தவர் மட்டும்தான் படிக்கலாம். தங்கச்சிக்கா? இல்லை. பிள்ளைகள் இருந்தால்? அவர்களுக்கும் இல்லை. உங்களைத் தவிர வேறு யாருக்கும் அதைக் கொடுக்க முடியாது.

ஜென்சி கெஞ்சிப் பார்த்தாள். அந்தப் பெண் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, மதாம், நீங்கள் என்ன படிக்க விரும்புகிறீர்கள்?" என்றாள்.

எந்த லொறிக்கு என்ன வருத்தம் என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவளுக்கு இந்தக் கேள்வி புதிது. அவளிடம் இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. "மெர்சி" என்று நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

செய்தி கேட்டதும் நிரஞ்சனி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மாக்கிரட்டுக்கோ அந்தத் தொலைபேசிப் பெண்ணில்தான் கோபம். "திரும்ப அடிச்சு, பெரிய ஆள் ஆரோடையாவது கதை பிள்ளை. உவளுக்குச் சரியாத் தெரியாது" என்றார். பெரிய ஆளும் அதையே சொன்னார்.

மானமுள்ள வேறு ஆள் என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு விட்டிருப்பார். ஜென்சி விடுவாளா? தங்கச்சியின் கதவடியில் போய் நின்றாள்.

"நிரஞ்சனி, நான் சொன்னால் சொன்னதுதான். காரை வித்துப்போடுறன். இன்னொரு வேலையும் எடுக்கிறன். நீ போ."

கதவு படாரென்று திறந்தது. அழுதழுது மூக்குச் சிவந்த முகம்.

"அக்கா, காணும்! நிப்பாட்டுங்கோ. நான் உங்களிட்டை லண்டன் கேட்டனானோ? நீங்களாத் தந்தீங்கள், நீங்களா ஆசை காட்டினீங்கள். இப்ப இல்லை எண்டால் எனக்குக் கவலைதான். பொய் சொல்ல மாட்டன். ஆனால் நீங்கள் ரெண்டு வேலை செய்து நான் படிச்சால், அந்தப் படிப்பு எனக்குச் செமிக்குமோ? சின்னனில இருந்து உங்கட சப்பாத்துக்குள்ளதான் நிக்கிறன்."

நிரஞ்சனி மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் குரலைத் தணித்துக் கேட்டாள்: "போனில கதைச்ச மனுசி கடைசியா என்ன சொன்னவா?"

"நீங்கள் என்ன படிக்க விருப்பம் எண்டு கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"மெர்சி எண்டு சொல்லி வைச்சிட்டன்."

அழுகைக்கு நடுவில் நிரஞ்சனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இப்ப சொல்லுங்கோ. என்ன படிக்க விருப்பம்?"

ஜென்சி நிலத்தைப் பார்த்தாள். பிழை செய்து பிடிபட்ட பிள்ளை மாதிரி, "நாய், பூனை" என்றாள்.

"நாய்க்கு ஊசி போடவோ?" என்று பின்னால் ஒரு குரல். மாக்கிரட் குசினி வாசலில் நின்றார். தெருவில் நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிற மனுசி. ஏதோ ஏச வாயெடுத்தவர் ஏசவில்லை. சீலைத் தலைப்பு இல்லாததால் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"அது நீ விட்டுப்போட்டு வந்த படிப்பெல்லோ, பிள்ளை. எனக்கு நினைப்பிருந்தது. நான்தான் ஒருநாளும் கதைக்கேல்லை."

லண்டன் லண்டனாகவே நின்றுவிட்டது. ஒருவருக்கும் ஒரு நட்டமும் வரவில்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை. நிரஞ்சனி இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்தாள். கோடை முழுக்க அவள் முகம் அவ்வளவு நன்றாக இருக்கவில்லை. ஆனாலும் ஜென்சியின் விண்ணப்பத்தைப் பிரெஞ்சில் பிழை இல்லாமல் எழுதிக்கொடுத்தவள் அவள்தான்.

கல்லூரி தொடங்கிய நாள் காலை, முழங்கால் நோவோடு மாக்கிரட் மூன்று மாடியும் இறங்கி மகளுடன் அக்காடி மெட்ரோ நிலையம் வரைக்கும் நடந்தார். வழியில், அவரோடு மாதா கோவிலுக்கு வருகிற சைவக்காரச் சிநேகிதி சிவமலர் எதிர்ப்பட்டார்.

"எங்கை விடியவெள்ளென, தாயும் மகளும்?"

"மூத்தவளை விட வந்தனான்" என்றார் மாக்கிரட். பிறகு குரலை உயர்த்தி, "இவள் பதினாலு வருசம் ஆமியில இருந்தவள். இப்ப பள்ளிக்கூடம் போறாள்" என்றார்.

ஜென்சி தாயைத் திரும்பிப் பார்த்தாள். ஆமி என்ற அந்தச் சொல்லைத் தாய் வாயால் தெருவில் கேட்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

மெட்ரோ வாசலில் மாக்கிரட் பைக்குள் இருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். முட்டைப் பொரியலும் பாணும். "இது உனக்கு. ஒருத்தருக்கும் குடுத்துப்போட்டு வராதை, சொல்லிப்போட்டன்."

பின்னேரம் பெட்டி வெறுமையாக வந்தது. மாக்கிரட் மூடியைத் திறந்து பார்த்து, பழைய சந்தேகத்தோடு கேட்டார்: "ஆருக்குக் குடுத்தனீ?"

"நான்தான் சாப்பிட்டனான், அம்மா."

மாக்கிரட் அதை நம்பவில்லை. கிட்ட வந்து மகளின் நாடியைக் கையால் ஏந்தி முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பசியில் வாடியிருக்கவில்லை.