நனையாத கயிறு

எனக்குப் பேய் பயம் கிடையாது. பிரேக் பிடிக்காமல் போகுமோ என்று பயம், டயர் வெடிக்குமோ என்று பயம், சர்க்கரை ஏறியிருக்குமோ, சின்ன மகள் ஏன் போனை எடுக்கவில்லை, கிளம்பும்போது கேஸை மூடினோமா என்று பயம். இவ்வளவையும் தலையில் சுமந்துகொண்டு திரிகிறவனுக்குப் பேய்க்கென்று தனியாகப் பயப்பட நேரம் எங்கே இருக்கிறது? டீக்கடையில் யாராவது அந்த மாதிரிக் கதையை ஆரம்பித்தால் நான் எழுந்துபோய் வண்டி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுதியும் பழக்கமில்லை. இருந்தாலும் இதை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், ஆனால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

என் பெயர் அந்தோணி. தியாகதுருகத்தில் வாடகைக்கு வேன் ஓட்டுகிறேன். சுகந்தி மேடம் என்று ஒருவர் ஆராய்ச்சிக்காகக் கல்வராயன் மலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார், அவருக்கு என் வண்டிதான். என்ன ஆராய்ச்சி என்றால், பிரசவம் பார்க்கிற நர்சுகள் எப்படி இருக்கிறார்கள் என்பது. கர்ப்பிணி எப்படி இருக்கிறாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள், குழந்தை எத்தனை கிலோ என்று கேட்கிறார்கள், அந்தப் பிரசவத்தைப் பார்த்த பெண் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று யாரும் கேட்பதில்லையாம். மேடம் அதைக் கேட்பதற்கென்றே வந்தவர். முதலில் எனக்கு இது ஒரு ஆராய்ச்சியா என்றுதான் இருந்தது.

இங்கே என் வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பின்கதவுத் தாழ்ப்பாள் கொஞ்சம் லூஸ். வளைவில் கதவு திறந்து மேடத்தின் பெட்டிகள் பள்ளத்தில் கொட்டிவிடுமோ என்று எனக்கு உயிர் போகும். அதனால் தடித்த நைலான் கயிற்றால் பின்கதவை மேலே கேரியரோடும் கீழே பம்பரோடும் சேர்த்துக் கட்டிவிடுவேன். ஒரு முடிச்சு போட்டால் மனசு கேட்காது, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. அவிழ்க்கும்போது நகம் பெயர்ந்துவிடும். மேடமே கிண்டல் செய்வார், “அந்தோணி, இது கதவா, இல்ல மாட்டு வண்டி லோடா?” என்று.

அன்றைக்கு வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் நர்சுகளை வட்டமாக உட்கார வைத்து மேடம் பேசினார். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். “நீங்க கடைசியா முழுசா தூங்கினது எப்போ?” என்று கேட்டதும் அறையே சிரித்துவிட்டது.

“தூக்கமா? அது இன்னா கலர்ல இருக்கும் மேடம்?” என்றார் ஒருவர்.

“எங்க வூட்டுக்காரரு தூங்கறத பாத்துக்கீறேன் மேடம். நல்லாதான் இருக்கும் போல” என்றார் இன்னொருவர்.

சிரிப்பு அடங்கும்போது ரோஸலின் சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். திருநாவலூர்ப் பக்கம், எங்கள் சபைக்காரர்தான், மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை. தன் பையிலிருந்து குழந்தைகளுக்கு எடை பார்க்கிற தொங்கு தராசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிளையில் மாட்டுவதற்காக அதில் ஒரு கயிறு இருக்கும். அந்தக் கயிறு எட்டு போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாக அழகாகச் சுற்றி, நுனி உள்ளே செருகப்பட்டிருந்தது.

“இது தனத்தோட தராசு மேடம். அவ சுத்தி வெச்சது. நான் இன்னும் பிரிக்கல” என்றார்.

தனம் சிஸ்டர் ரோஸலின் சிஸ்டரோடு வேலை பார்த்தவர். போன வருஷம் இரவெல்லாம் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு, விடிந்ததும் தூங்காமல் தடுப்பூசி முகாமுக்கு ஸ்கூட்டியில் போனவர், வளைவில் கண்ணயர்ந்து பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். அவர் பையில் எதிலுமே முடிச்சு இருக்காதாம். “முடிச்சு போட்டா அவசரத்துக்கு எவ அவுக்கறது? சுத்தி சொருவு, ஒரே இழுப்பு, கையில வந்துடணும்” என்பாராம்.

“ரெண்டு பேரு பாத்த வேலைய ஒருத்தி பாக்கறேன். போன் அடிச்சாலே கை நடுங்குது. அடுத்த மாசத்தோட வுட்டுடப் போறேன் மேடம். எங்க அண்ணன் ரைஸ்மில்லுல போய் உக்காந்துக்கினா போதும்” என்றார் ரோஸலின் சிஸ்டர். கையை நீட்டிக் காட்டினார். நிஜமாகவே நடுங்கியது. எனக்கும் கை நடுங்கும் என்பதால் அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்து, ரோஸலின் சிஸ்டரை வழியில் அவர் நிலையத்தில் விடுவதாக ஏற்றிக்கொண்டு, மேடமும் நானுமாக மூன்று பேரும் கீழே இறங்கினோம். பிற்பகல்தான், ஆனால் மழை பிடித்துக்கொண்டு மூட்டமும் இறங்கி, விளக்கைப் போட்டால்தான் ரோடு தெரிகிறது. நாலைந்து வளைவு தாண்டியிருப்போம், ஒரு பெண் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறாள். பக்கத்தில் இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறாள். கையை ஆட்டியவள் சின்னப்பொண்ணு, குந்தியிருந்தவள் அவள் அண்ணி செவ்வந்தி. செவ்வந்தியின் புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போயிருக்கிறான்.

ரோஸலின் சிஸ்டரைப் பார்த்ததும் சின்னப்பொண்ணு கத்தினாள், “எங்க போயிட்ட நர்சம்மா? ஆஸ்பத்திரி பூட்டிக் கெடக்குது! உன்ன தேடிக்கினுதான் வந்துக்கினு கீறோம்!”

சிஸ்டர் முகத்தில் ரத்தமே இல்லை. கூட்டத்துக்கு அவர் வந்ததால்தானே பூட்டு.

ஏற்றிக்கொண்டோம். கூட்டத்துக்கு நாற்காலி ஏற்றுவதற்காக நடு சீட்டைக் கழற்றி வைத்திருந்தேன், அந்த இடத்தில் தார்ப்பாய் விரித்துச் செவ்வந்தியைப் படுக்க வைத்தார்கள். தலை என் சீட்டுப் பக்கம், கால் பின்கதவுப் பக்கம். கச்சிராயபாளையம் போய்விட்டால் டாக்டர் இருப்பார். போனில் சிக்னல் இல்லை. எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். கொஞ்ச தூரம்தான்.

“அண்ணா, நிறுத்துங்க. தல வந்துடுச்சி” என்றார் சிஸ்டர்.

அது தனம் சிஸ்டர் இறந்த அதே வளைவு என்று சொல்லப்போகிறேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அது வேறு பக்கம். இது சும்மா ஒரு வளைவு, ஒரு பாறை, ஒரு மைல்கல், அவ்வளவுதான்.

தலை வெளியே வந்தது, அதற்குமேல் வரவில்லை. தோள் உள்ளே மாட்டிக்கொண்டது. குழந்தையின் முகம் நீலமாகிறது என்று மேடம் சொன்னது என் காதில் விழுந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்குத் தைரியமில்லை. சில நிமிஷம்தான் கெடு, அதற்குள் குழந்தையை எடுத்தாக வேண்டும்.

“ஆளுக்கு ஒரு கால் புடிங்க, மடக்கி வயித்தோட வெச்சு அமுக்குங்க” என்றார் சிஸ்டர். மேடம் ஒரு காலை, சின்னப்பொண்ணு ஒரு காலைப் பிடித்தார்கள். சிஸ்டர் முதுகு பின்கதவில் இடித்துக்கொண்டிருந்தது, குனிய இடமில்லை. “இடுப்ப விளிம்புக்கு இழுக்கணும், நான் கீழ எறங்கி நிக்கணும். அண்ணா, பின்கதவ தொறங்க!”

பின்கதவு. முடிச்சுமேல் முடிச்சு போட்டு நான் கட்டிய பின்கதவு.

ஓடினேன். மழையில் ஊறிய கயிறு கல்லாக இறுகியிருந்தது. நகம்தான் போகிறது, முடிச்சு அசையவில்லை. கத்தி டூல்பாக்ஸில் இருக்கிறது, டூல்பாக்ஸுக்குப் பூட்டு போட்டிருக்கிறேன், அதன் சாவி முன்னால் டேஷ்போர்டு அறைக்குள், அதற்கும் ஒரு பூட்டு. எல்லாம் என் வேலை. உள்ளேயிருந்து சின்னப்பொண்ணு அலறுகிறாள், “கட்டுனதயெல்லாம் அவுருங்க! பூட்டுனதயெல்லாம் தொறங்க! அப்பதான் புள்ள எறங்கும்!” மலையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிரசவம் தடைப்பட்டால் வீட்டில் பெட்டி, பானை மூடி எல்லாவற்றையும் திறப்பார்கள், மாட்டுக் கயிற்றைக்கூட அவிழ்ப்பார்கள். அந்த மலையிலேயே அதிகமாகக் கட்டியதும் பூட்டியதும் என் வண்டிதான் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைத்தது.

சாவியை எடுக்க முன்பக்கம் ஓடி உள்ளே குனிந்தேன். இனிமேல் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. நான் கை வைக்கவில்லை, டேஷ்போர்டு அறையின் மூடி என் முகத்துக்கு நேரே தொப்பென்று திறந்துகொண்டது. சீட்டின்மேல் இருந்த என் டிபன் கேரியரின் கிளிப் டக்கென்று விட்டது. பின்னால் டூல்பாக்ஸ் பூட்டு விழுந்த சத்தம். இடுப்பில் ஏதோ தளர்ந்த மாதிரி இருந்தது, பார்த்தால் பெல்ட் கழன்று தொங்குகிறது. ஒரு கையில் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நான் நிமிர்வதற்குள் குளிர்காற்று ஒன்று வண்டியின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை நேராக வீசியது.

பின்கதவு முழுசாக மேலே தூக்கி நின்றது.

ரோஸலின் சிஸ்டர் ஏற்கெனவே ரோட்டில் இறங்கி மழையில் நின்றுகொண்டிருந்தார். செவ்வந்தியை விளிம்புக்கு இழுத்தார். “மேடம், அடிவயித்துல, எலும்புக்கு மேல, கைய வெச்சு அமுக்குங்க. இன்னும். இன்னும். செவ்வந்தி, இப்ப வுடாத, முக்கு!” அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன், அவர் கையிலும் நடுக்கம் இல்லை. தோள் வந்தது, பிறகு குழந்தை மொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்தது. அழவில்லை. சிஸ்டர் துணியால் முதுகைத் தேய்த்தார், தேய்த்தார், இன்னும் தேய்த்தார்.

அழுதது பாருங்கள், அந்த மலைக்கே கேட்டிருக்கும். பெண் குழந்தை. சின்னப்பொண்ணு சிரிக்கிறாள், செவ்வந்தி அழுகிறாள், மேடம் இரண்டும் செய்கிறார், நான் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு “ஆண்டவரே, ஆண்டவரே” என்று மழையில் குதித்துக்கொண்டிருக்கிறேன்.

சிஸ்டர் செவ்வந்தியின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ரத்தப்போக்கு அளவாகத்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் என்னைப் பார்த்தார். “நல்ல நேரத்துல அவுத்தீங்க அண்ணா.”

“நான் அவுக்கல சிஸ்டர். நான் முன்னாடி இருந்தேன்.”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிஸ்டரின் கை குழந்தையின் தலையில் இருந்தது, மற்ற இருவர் கையும் செவ்வந்தியின் காலில் இருந்தது. மேடம் படித்தவர், “மழைல கயிறு வழுக்கியிருக்கும்” என்றார்.

“வழுக்கின கயிறு எங்க மேடம்?” என்றேன்.

தேடினோம். கயிறு மைல்கல்லின்மேல் இருந்தது. அறுபடவில்லை. எட்டு போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, நுனி உள்ளே செருகியிருந்தது. கல்லில் மழை வழிந்து ஓடுகிறது. சற்றுமுன் என் கையில் சொட்டச் சொட்ட ஊறியிருந்த அந்தக் கயிறு காய்ந்திருந்தது.

ரோஸலின் சிஸ்டர் அதைப் பார்த்தார். தன் பையிலிருந்து தனம் சிஸ்டரின் தராசை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். ஒரே சுற்று. ஒரே செருகல். முகத்தில் மழையா கண்ணீரா என்று தெரியவில்லை. சின்னப்பொண்ணுதான், “அவுந்துச்சி இல்ல? யாரு அவுத்தா இன்னா? வண்டிய எடுண்ணா, பச்ச ஒடம்புக்காரி நனையறா!” என்று அதட்டினாள்.

கச்சிராயபாளையத்தில் டாக்டர் தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, “யாரு பிரசவம் பார்த்தது?” என்று கேட்டார். ரோஸலின் சிஸ்டர், “நான்தான் சார்” என்றார். இரண்டு முறை சொன்னார்.

அவர் வேலையை விடவில்லை. அண்ணன் ரைஸ்மில் அண்ணனிடமே இருக்கிறது. மேடம் தன் ஆராய்ச்சியை மேலே கொண்டுபோய்க் காட்டி, விடாமல் பேசி, இப்போது அங்கே இன்னொரு நர்சும் வந்தாகிவிட்டது. இரவெல்லாம் பிரசவம் பார்த்தவர் மறுநாள் தூங்கலாம். முதல் நாள் அப்படித் தூங்கி எழுந்து சிஸ்டர் எனக்குப் போன் போட்டார், “அண்ணா, தூக்கம் இன்னா கலர்னு பாத்துட்டேன்” என்று. குழந்தைக்கு ரோஜா என்று பெயர், நடக்கிறாள். என் வண்டியைப் பார்த்தால் பின்கதவைத்தான் தட்டுவாள்.

தாழ்ப்பாளை மாற்றிவிட்டேன், இப்போது வண்டியில் எங்கும் முடிச்சு கிடையாது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இதுதான் பெரிய அதிசயம்.

கயிற்றை நான் பிரிக்கவில்லை. வண்டிக்குள் ஒரு கொக்கியில் தொங்குகிறது. அந்தக் கொக்கிக்கு நேர்மேலே கூரை ஒழுகும், எத்தனை முறை அடைத்தாலும் ஒழுகும். மழை நாளில் சீட் நனையும், தரை நனையும், கொக்கிகூட நனைந்து துருப்பிடித்துவிட்டது. கயிறு நனைவதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் காலையில் வண்டியை எடுக்குமுன் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன் பாருங்கள், என் சுபாவம், பார்க்காமல் இருக்க முடியாது. விடிய விடிய பனியில் நின்ற வண்டி, ஸ்டியரிங் ஐஸாகச் சில்லிட்டிருக்கும். கயிறு மட்டும் இளஞ்சூடாக இருக்கிறது, யாரோ இப்போதுதான் கையிலிருந்து இறக்கி வைத்த மாதிரி.