மணியின் கையில் என் பெயர்

பேர்ணடெற்றை எனக்குப் பிடிக்காது. அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் என் மச்சாள் சிவமணியைப் பற்றிச் சொல்வதென்றால் அவளையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சிவமணி என் மனுஷனின் தங்கை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் வந்து காது போனது, காதோடு பேச்சும் போனது. பள்ளிக்கூடப் பக்கம் அவளும் போகவில்லை, நானும் போகவில்லை. நான் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போன அன்றே மாமியார் அவளுடைய கையைப் பிடித்து என் கையில் வைத்தார். பிறகு மாமியார் செத்துப் போனார், என் மனுஷனும் போனார், யாழ்ப்பாணத்தில் ஷெல் விழத் தொடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் ஒரு அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்தோம். ஹமீட்டின் சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் கொடுத்துப் பிழைத்தோம். மணி பிழிவாள், நான் அவிப்பேன்.

வெளியே போனால் அவளுக்கு வாய் நான்தான். அவளுடைய மேற்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். விட்டால் காலிக்குப் போகிற பெரிய வீதியில் பஸ்ஸுக்குக் கீழே போய் விழுவாள் என்ற பயம். யார் வீட்டுக்குப் போனாலும், "இவவுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ?" என்று என்னைத்தான் கேட்பார்கள். "ரெண்டு கரண்டி போடுங்கோ" என்பேன். எங்கள் இரண்டு பேருடைய ஐ.சி.யும், அதுதான் அடையாள அட்டை, என் இடுப்புப் பையில்தான் இருக்கும்.

மணியைச் சும்மா ஆள் என்று நினைக்கக்கூடாது. பிடிவாதக்காரி. மா சரியாகக் குழையவில்லை என்றால் இடியப்ப உரலைத் தூக்கி வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவாள். பகிடிக்காரியும்கூட. ஹமீட்டைச் சொல்ல இல்லாத தாடியைத் தடவுவாள். வீட்டுக்காரனைச் சொல்ல இல்லாத காற்சட்டையை மேலே இழுப்பாள். ஒழுங்கையில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு கைப்பெயர். எனக்கு என்ன பெயர் என்று நான் யோசித்ததே இல்லை. என்னைப் பற்றி அவள் யாரிடம் சொல்லப்போகிறாள்? அவள் கதைத்ததெல்லாம் என்னோடுதானே.

அப்போதுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து பேர்ணடெற் மேல்வீட்டுக்குக் குடிவந்தாள்.

முதல் நாள் இடியப்பம் வாங்க வந்தாள். மணி வாசலுக்கு முதுகு காட்டி இருந்து பிழிந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் என்றால் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார்கள், அல்லது கேட்காது என்று தெரிந்தும் கத்துவார்கள். இவள் சுற்றி வந்து வெளிச்சத்தில் முகம் தெரிய நின்றாள். மணி நிமிர்ந்து பார்க்குமட்டும் பேசாமல் நின்றாள். பிறகு கையால் ஏதோ கேட்டாள்.

"என்ன வேணும் பிள்ளை? என்னைக் கேளும்" என்றேன்.

"இல்ல அன்ரி, நான் அவங்ககிட்ட தானே கேட்டது."

"அவ ஊமையெல்லோ!"

"காது கேக்காது, அவ்வளவு தானே. ஊமைன்னு சொல்லாதீங்க அன்ரி. என் தம்பி ஹியூபேட்டும் இப்படித்தான். வீட்டுல அவன்தான் ஓயாம கதைக்கிற ஆள்."

மணி விரல்களால் பதில் சொன்னாள். அவள் திரும்பக் கேட்டாள். மணி சிரித்தாள். என் அடுப்படியில், என் கண்ணுக்கு முன்னால், இடியப்பம் வாங்க வந்தவளோடு சிரித்தாள்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் மணி மேல்வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். ஹியூபேட்டும் சில நாள் வருவான். மணிக்குத் தன் சத்தம் தெரியாது, அதனால் அவள் சிரித்தால் ஒழுங்கை முழுவதும் கேட்கும். நான் கீழே இருந்து கோபத்தில் சட்டியை டங்கென்று வைப்பேன். அங்கே யாருக்குக் கேட்கப்போகிறது?

ஒரு நாள் பேர்ணடெற் படியில் நின்றே சொன்னாள்: "அன்ரி, மணி அக்காவுக்குத் தேத்தண்ணியில சீனி வேணாமாம்."

"ஆர் சொன்னது?"

"அவங்க தான். எப்பவுமே பிடிக்காதாம்."

இத்தனை வருஷம் ஊற்றிக் கொடுத்தவள் நான், நேற்று வந்தவள் எனக்குச் சீனிக் கணக்குச் சொல்கிறாள்.

பிறகு வந்தது ஞாயிற்றுக்கிழமைக் கதை. கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபத்தில் காது கேட்காதவர்கள் ஞாயிறு தோறும் கூடுவார்களாம். மணியைக் கூட்டிக்கொண்டு போகவேண்டுமாம்.

"ஏலாது. செக்பொயின்ரிலை நில் எண்டு கத்துவாங்கள். இவளுக்குக் கேக்குமோ? சுட்டுப் போட்டாங்கள் எண்டால் நீ வந்து தூக்குவியோ?"

அது உண்மையான பயம்தான், நான் இட்டுக்கட்டவில்லை. ஆனால் அந்தப் பயம் எனக்கு நல்ல வசதியாகவும் இருந்தது.

மணி எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தாள். வந்து என் இடுப்புப் பையைத் திறந்து தன் ஐ.சி.யை எடுத்துத் தன் சட்டைக்குள் வைத்தாள். வீட்டுப் பூட்டின் திறப்பையும் எடுத்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தேன். "அப்ப நானும் வாறன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

நாங்கள் மூன்று பேரும் ஏறிய பஸ்ஸைக் கொஞ்சத் தூரத்திலேயே, கால்வாய்ப் பாலத்தடிச் செக்பொயின்ரில், மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு பொலிஸ் அதிகாரி மணியிடம் ஐ.சி. கேட்டார். கொடுத்தாள். சிங்களத்தில் பெயரைக் கேட்டார். நான் பாய்ந்து அவளுடைய கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

"மாத்தயா, மெயாட கன் எஹென்னே நே!" ஐயா, இவளுக்குக் காது கேட்காது என்று சந்தைச் சிங்களத்தில் சொன்னேன். அதோடு நின்றேனா? பெயர், ஊர், வேலை, கேட்டது கேட்காதது எல்லாம் கொட்டினேன். அவருடைய முகம் மாறியது.

"நான் கேட்டது இவளை. நீ ஏன் இழுக்கிறாய்? உன் ஐ.சி. எங்கே?"

இடுப்பைத் தடவினேன். பை வீட்டில் கட்டிலில் கிடந்தது.

மண்மூட்டைக்குப் பின்னால் ஒரு நீள மர வாங்கில் என்னை இருத்தினார்கள். பொலிஸ் ஜீப் வருமுன் ஐ.சி. வந்தால் போகலாம், வராவிட்டால் பொலிஸ் ஸ்ரேஷன். அந்த நாட்களில் ஐ.சி. இல்லாத தமிழருக்கு ஸ்ரேஷன் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. பேர்ணடெற் நல்ல சிங்களத்தில் எனக்காகக் கெஞ்சினாள். அதிகாரி அவளிடம், "இந்தக் காது கேட்காதவளுக்கு இந்தக் கிழவி யார்?" என்று கேட்டார்.

"என்னைக் கேக்காதீங்க மாத்தயா. அவங்க முகத்தைப் பார்த்து அவங்களையே கேளுங்க" என்றாள் அவள்.

அந்த மனுஷன் நல்லவர். தொப்பியை மேலே தள்ளி மணிக்கு நேரே நின்றார். என்னைக் காட்டி, யார் என்று கையை விரித்தார்.

மணி தன் வலக்கையால் தன்னுடைய இடது மேற்கையைப் பிடித்து, வெடுக்கென்று இழுத்தாள்.

அதிகாரி சிரித்துவிட்டார். நான் அவளை அப்படி இழுத்ததைக் கண்டவர்தானே. மணி விடவில்லை. இடியப்பம் பிழிந்து காட்டினாள், என்னைக் காட்டிப் பானையை மூடி அவித்துக் காட்டினாள், இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தாள்.

"அது என்னடி, கையைப் பிடிச்சு இழுத்தது?" என்று பேர்ணடெற்றைக் கேட்டேன்.

"அதா? அது உங்க பேர் அன்ரி. ஹியூபேட்டும் உங்களை அப்படித்தான் சொல்லுவான்."

"உனக்கு?"

அவள் கொஞ்சம் தயங்கி, இரண்டு விரலால் தன் தோளை மெல்லத் தொட்டாள்.

ஜீப்பை நினைத்துப் பயப்பட வேண்டிய நேரத்தில் அந்த இரண்டு விரலை நினைத்து எரிந்துகொண்டிருந்தேன்.

ஐ.சி.யை எடுத்துவர பேர்ணடெற் எழும்பினாள். மணி மறித்தாள். என்னைக் காட்டி வாய் ஓயாமல் அடிப்பதுபோல் விரலை ஆட்டினாள். சிங்களம் தெரிந்தவள் நீ, இவளோடு இரு என்று சைகை செய்தாள். பிறகு தடையடியில் நின்ற ஆமிக்காரனிடம் போனாள். காதைக் காட்டிக் கையை ஆட்டினாள். கண்ணைக் காட்டித் தலையை ஆட்டினாள். உள்ளங்கையை உயர்த்தி, தான் நின்று காட்டினாள். அவன் கையை உயர்த்தினான், அவள் நின்றாள். இறக்கினான், நடந்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போனாள்.

"மணி அக்கா வந்துருவாங்க அன்ரி."

"நீ வாயை மூடு."

அவள் திரும்பி வருவது பாலத்துக்கு அங்கால் தெரிந்தபோது தடையில் வேறொருவன் நின்றான். "நவத்தன்ன!" என்று கத்தினான். நில் என்று. மணி நடந்துகொண்டே வந்தாள். அவன் திரும்பவும் கத்தித் துவக்கை உயர்த்தினான். நானும் எழும்பி "மணீ!" என்று கத்தினேன், பைத்தியக்காரிபோல. அவளுக்கு எந்தச் சத்தம் கேட்கும்?

முதலில் நின்ற ஆமிக்காரன் தேத்தண்ணிக் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து வெயிலில் உள்ளங்கையை உயர்த்தினான். மணி அந்த இடத்திலேயே நின்றாள், ஒரு கால் முன்னே வைத்தபடி.

அவன் கையை இறக்கிய பிறகுதான் வந்தாள். என் ஐ.சி.யை அதிகாரியிடம் தன் கையாலேயே கொடுத்தாள். என்னை விட்டார்கள். வாங்கிலிருந்து எழும்பினேன். பழக்கத்தில் அவளுடைய மேற்கையைப் பிடிக்கப் போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டேன். கொட்டாஞ்சேனைக்கு நான் இல்லாமலே போ என்று கையைக் காட்டினேன். போனாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் போனாள். கொஞ்ச நாளில் தனியாகவே போனாள். நான் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். வந்ததும் சீனி போடாத தேத்தண்ணி கொடுப்பேன்.

ஒரு நாள் பேர்ணடெற்றிடம் கேட்டேன், "என்ரை பேரை மாத்தச் சொல்லு பிள்ளை. நான் இப்ப இழுக்கிறேல்லைத் தானே."

"நீங்களே கேளுங்க அன்ரி."

கேட்டேன். மணிக்கு முன்னால் வெளிச்சத்தில் போய் நின்று, அவள் பார்க்குமட்டும் காத்திருந்து, என் கையை நானே பிடித்து இழுத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மணி மாக்கையோடு விழுந்து விழுந்து சிரித்தாள். மேல்வீட்டில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

இன்றைக்கும் எனக்கு அதுதான் பெயர். இருக்கட்டும். பேர்ணடெற்றின் பெயரைச் சொல்ல மணிக்கு இரண்டு விரல் போதும். என்னைச் சொல்வதென்றால் இரண்டு கையும் வேண்டும், கையில் இருக்கிற வேலையைக் கீழே வைக்கவேண்டும்.