தெய்வானை எழுந்து போன படம்

மலாய் நாட்டில் காஜா பேராங் என்ற ஊரில் ரப்பர் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த தம்பிராஜா, சினிமாவைப் பாடப்புத்தகம் மாதிரி பார்ப்பவர். சாதியையோ குடியையோ சாடும் படம் வந்தால் படிப்பகத்து நண்பர்களைத் திரட்டிக்கொண்டு முதல் வாரமே போய்விடுவார். அவர் மனைவி தெய்வானைக்குப் பிடித்ததோ ராஜா, ராணி, கத்திச்சண்டை, பறக்கும் குதிரை, முடிவில் ஒரு கல்யாணம். மாதம் ஒரு தடவை கச்சாங் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்து, கொறிக்கக்கூட மறந்து பார்ப்பாள். வீடு திரும்பும் வழியில் அவர், இதில் என்ன கருத்தைக் கண்டாய் என்று விடாமல் கேட்பார். குதிரை நல்லா இருந்துச்சு என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை அவர் அறியாமை என்று எடுத்துக்கொண்டார்.

ஐம்பத்தாறில், சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தபோது, இனி வெட்டிப் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாடு நம் கைக்கு வருகிறது, நாமும் கொஞ்சம் சிந்திக்க வேண்டாமா என்பது அவர் வாதம். அந்த வாரமே ஓர் ஏழைத் தாயின் கதைக்கு அவளை அழைத்துப் போனார். இடைவேளைக்குப் பிறகு அந்தத் தாயின் குழந்தை மருந்தில்லாமல் காய்ச்சலில் கிடந்தது. கொட்டகையே விசும்பியது. தம்பிராஜா திரும்பிப் பார்த்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல படத்தை உட்கார்ந்து பார்க்கக்கூட உனக்குத் தெரியவில்லையே என்று நாலு பேர் காதில் விழும்படி கடிந்துகொண்டார்.

"நான் ஏற்கெனவே பாத்தாச்சுங்க," என்றாள் தெய்வானை. "ஜப்பான்காரன் காலத்துல நீங்க சயாம் ரயில் வேலைக்குப் போயிருந்தப்ப நம்ம கணபதி இப்படித்தான் கெடந்தான். மருந்து கேட்டு பத்து பெரெண்டாம்ங்கற ஊர் வரைக்கும் நடந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள போய்ட்டான். அத மறக்கத்தான் வாயாங்குக்குப் படம் பாக்க வரேன். அந்த மூணு மணி நேரம் அவன் ஞாபகம் வராது."

நாற்பத்தைந்தில் எலும்பும் தோலுமாகத் தம்பிராஜா சயாமிலிருந்து திரும்பியபோது, பிள்ளை எங்கே என்றதற்குக் காய்ச்சல் என்று ஒரே சொல்தான் சொன்னாள். தான் பட்டதே பெரிதாக இருந்த நேரம். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அப்படியே பதினொரு வருஷம் ஓடிவிட்டது.

மறு வருஷம் ஆகஸ்டில், தெருவெங்கும் கொடி கட்டிக்கொண்டிருந்த சமயத்தில், மாயாஜாலப் படம் ஒன்று வந்தது. கேட்காமலேயே இரண்டு டிக்கெட் வாங்கி வந்தார். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க போய்ட்டு வாங்க," என்றாள்.

பக்கத்து வீட்டு ருக்மணியோடாவது போயேன் என்று கெஞ்சிப் பார்த்தார். மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"இப்ப அந்தக் கொட்டகையிலயும் ஒரு பிள்ள காய்ச்சல்ல கெடக்குதுங்க. வெளக்க அணைச்சா அதுதான் கண்ணுல தெரியும்."

அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். டிக்கெட்டுகளை ருக்மணியிடம் கொடுத்துவிட்டு வந்து, தெய்வானை எதிரில் உட்கார்ந்து ஒரு பிடி அவரைக்காயை எடுத்து நார் உரித்தார். பிறகு, கணபதியை எங்கே புதைத்தார்கள் என்று முதல் தடவையாகக் கேட்டார்.

புக்கிட் ரம்பாய் போகும் பாதையில், ஒரு ரம்புத்தான் மரத்தடியில் என்றாள்.

"நாளைக்குப் போவோமா?"

"மரத்த வெட்டி வீடு கட்டிட்டாங்க. நாலு வருஷமாச்சு," என்றாள்.